265-க்கு 251: ஒரு வாக்கெடுப்பும் அதன் வழக்கும்

மக்களவையில் ஓட்டெடுப்பு என்றால் முதலில் மணி அடிக்கும். மூன்றரை நிமிடம் விடாமல் அடிக்கும். லாபியில் பேசிக்கொண்டிருப்பவர், கேன்டீனில் டீ குடிப்பவர், கட்சி அறையில் கண்ணயர்ந்தவர் எல்லோரும் அதற்குள் ஓடிவந்து அவரவர் இருக்கையில் உட்கார்ந்துவிட வேண்டும். மணி நின்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் இருக்கையில் உள்ள பொத்தான்தான். 'ஆம்' என்றால் பச்சை, 'இல்லை' என்றால் சிவப்பு, இரண்டும் வேண்டாம் என்பவருக்கு மஞ்சள்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்றால் அரசைக் காப்பாற்ற நினைப்பவர் 'இல்லை' சொல்ல வேண்டும். 1993 ஜூலை 28 அன்று 265 பேர் 'இல்லை' என்றார்கள். 251 பேர் 'ஆம்' என்றார்கள். பி.வி. நரசிம்ம ராவ் அரசு பிழைத்தது. அன்று மக்களவையின் நடப்பு பலம் 528. அத்தனை பேரும் வந்து ஓட்டுப் போட்டால் பெரும்பான்மைக்கு வேண்டியது 265. காங்கிரஸ் கையில் இருந்தது 251. குறைந்த 14-ம் கணக்குப் பிசகாமல் அப்படியே வந்து சேர்ந்தது.

எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் வழக்கு. ஜே.எம்.எம். லஞ்ச வழக்கு என்று அதற்குப் பெயர் வந்தது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவின் நான்கு எம்.பி.க்கள் பணம் வாங்கிக்கொண்டு அரசைக் காப்பாற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஜனதா தளத்திலிருந்து பிரிந்த அஜித் சிங் அணியைச் சேர்ந்த சிலர் மேலும் அதே குற்றச்சாட்டு விழுந்தது. பிரதமராக இருந்து பின்னால் கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்ற முதல் ஆள் என்ற பெயரும் ராவுக்கு இதில்தான் வந்தது. மேல்முறையீட்டில் விடுதலையாகிவிட்டார் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தண்டனையை நினைவு வைத்திருக்கும் பலர் விடுதலையை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் அந்த நாற்காலியின் நிலைமையைப் பார்க்கலாம்.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்தத் தேர்தலில் ராவ் போட்டியிடவே இல்லை. டெல்லி அரசியல் போதும் என்று ஹைதராபாதுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர் ஒரு மாதத்தில் பிரதமர் ஆனார். அதன் பிறகு நவம்பரில் நந்தியால் இடைத்தேர்தலில் 5 லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்துத்தான் மக்களவைக்குள் வந்தார். அனுதாப அலையில் தமிழ்நாட்டில் அதிமுக - காங்கிரஸ் கூட்டணி 39 தொகுதிகளையும் வாரியது. அதில் 28 காங்கிரஸுக்கு. அப்படி இருந்தும் நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் 232-தான். 1992-ல் பஞ்சாபில் தேர்தல் நடந்து இன்னும் 12 கிடைத்தது. இடைத்தேர்தல், கட்சித் தாவல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்து 251 வந்தது.

கஜானா காலி. பதவியேற்ற அடுத்த மாதமே ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். சுமார் 47 டன் தங்கம் அடமானமாக இங்கிலாந்துக்கு விமானமேறியது என்ற செய்தி வந்தபோது வீட்டுத் தாலியை அடகு வைத்த மாதிரி ஊரே கூனிப்போனது. அடுத்து 1992 டிசம்பர் 6, பாபர் மசூதி இடிப்பு. கட்சிக்குள்ளேயே அர்ஜுன் சிங் போன்றவர்கள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள். 1993 ஜூன் 16 அன்று பங்குச் சந்தை ஊழலில் சிக்கிய ஹர்ஷத் மேத்தா பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, பிரதமருக்கு நானே ஒரு கோடி ரூபாய் கொடுத்தேன் என்றார். ஒரு கோடி ஒரு சூட்கேஸில் அடங்குமா என்று சந்தேகப்பட்டவர்களுக்காக சூட்கேஸையும் காட்டினார். அந்தக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அதன் சூடு தணிவதற்குள், ஆறே வாரத்தில், ஓட்டெடுப்பு வந்துவிட்டது.

ராவ் மீது வந்த மூன்றாவது நம்பிக்கையில்லாத் தீர்மானம் இது. மசூதி இடிப்புக்குப் பிறகு 1992 டிசம்பரில் பாஜக கொண்டுவந்தது 336-க்கு 111 என்று மண்ணைக் கவ்வியது. பாஜகவோடு சேர்ந்து ஓட்டுப் போட இடதுசாரிகள் தயாராக இல்லை. ராவுக்கு அதுவே கவசம். 1993 ஜூலையில் கவசம் கழன்றது. தீர்மானத்தைக் கொடுத்ததே மார்க்சிஸ்ட் கட்சியின் அஜய் முகோபாத்யாய். இடதுசாரிகள் கொண்டுவந்தால் அதற்கு ஓட்டுப் போட பாஜகவுக்கு ஒரு கூச்சமும் இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக வந்ததும் 14 பேர் என்பது உயிர் போகும் கணக்காகிவிட்டது.

இந்த நெருக்கடியைச் சொல்வது ராவுக்கு வக்காலத்து வாங்க அல்ல. குற்றம் நடந்த இடத்தின் வரைபடம் இல்லாமல் வழக்கைப் படிக்க முடியாது, அவ்வளவுதான்.

ஜே.எம்.எம். எம்.பி.க்கள் நால்வர்: சிபு சோரன், சூரஜ் மண்டல், சைமன் மராண்டி, சைலேந்திர மஹதோ. ஓட்டெடுப்பு முடிந்த சில நாட்களில் டெல்லி நௌரோஜி நகர் பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையில் கணக்குகள் திறக்கப்பட்டு லட்சக்கணக்கில் ரொக்கம் போடப்பட்டது. எனக்கு இன்றுவரை ஆச்சரியம் இதில்தான். லஞ்சப் பணம் என்றால் பரணில், அரிசி மூட்டையில், மச்சினன் பெயரில் இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே சொந்தப் பெயரில், பொதுத்துறை வங்கியில், நாடாளுமன்றத்துக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில். பயம் என்ற ஒன்றே இல்லாதது தெரிகிறது. அது சும்மா வந்த தைரியம் இல்லை என்பதை ஐந்து வருடம் கழித்து உச்ச நீதிமன்றம் காட்டிக்கொடுத்தது.

அஜித் சிங் அணியிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர்களில் அஜித் சிங்கைத் தவிர ஆறு பேர் அரசுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். அவர் மட்டும் ஓட்டுப் போடவில்லை. இந்தச் சின்னத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கின் அச்சாணியே அதுதான்.

சரி, இந்தப் பத்து ஓட்டும் இல்லாமல் போயிருந்தால் அரசு கவிழ்ந்திருக்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நால்வரும் ஆறு பேரும் வெளியே போய் நின்றிருந்தால் 255-க்கு 251. அரசு நான்கு ஓட்டில் தப்பியிருக்கும். அவர்களே எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால் 255-க்கு 261. அரசு போயிருக்கும். ஆக, விலை பேசப்பட்டதாகச் சொல்லப்படுவது 'வராமல் இரு' என்பதற்கு அல்ல, 'அந்தப் பக்கம் போகாதே, இந்தப் பக்கம் வா' என்பதற்கு. எவ்வளவு பேர் வெளியே நிற்பார்கள் என்பது ஓட்டெடுப்புக்கு முன்னால் யாருக்குமே தெரியாது. அதனால்தான் ஆளுக்கு மேல் ஆள் தேவைப்பட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் ஒற்றை ஆள் தாவினால் பதவியைப் பறிக்கும். மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து தாவினால் அதைப் 'பிளவு' என்று ஏற்றுக்கொள்ளும். 2003-ல்தான் அந்த வசதியை எடுத்தார்கள். சில்லறையாகத் தாவினால் குற்றம், மொத்தமாகத் தாவினால் கொள்கை. குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரில் ஒருவரான ராம் லக்கன் சிங் யாதவ் 1994-ல் மத்திய அமைச்சர். 1993 கடைசியில் அஜித் சிங் அணியினர் காங்கிரஸிலேயே சேர்ந்தார்கள். ராவுக்கு முதல்முறையாகச் சொந்தப் பெரும்பான்மை கிடைத்தது. 1995-ல் அஜித் சிங்கும் அமைச்சர். இதில் எதுவும் சட்டத்தின் கண்ணில் லஞ்சம் இல்லை. சட்டம் சூட்கேஸை மட்டும்தான் தேடியது.

அதையும் உடனே தேடவில்லை. ராஷ்ட்ரிய முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு 1996 பிப்ரவரியில் சிபிஐயிடம் புகார் கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் விசாரணை நகர்ந்தது. அந்த ஆண்டு தேர்தலில் ராவ் ஆட்சியை இழந்தார். செப்டம்பரில் கட்சித் தலைவர் பதவியும் போனது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது ஒரே ஒரு கேள்வியோடு: எம்.பி. லஞ்சம் வாங்கி ஓட்டுப் போட்டால் கோர்ட் அவரைத் தொட முடியுமா?

அரசியல் சட்டத்தின் 105(2) என்ன சொல்கிறது என்றால், நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேசிய எதற்காகவும், போட்ட ஓட்டுக்காகவும் எந்த நீதிமன்றத்திலும் அவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. சட்டமன்றங்களுக்கு 194(2)-ல் அதே பாதுகாப்பு. இதன் வேர் இங்கிலாந்தில். அவையில் தன்னை எதிர்த்துப் பேசிய ஜான் எலியட்டை அரசர் முதலாம் சார்லஸ் சிறையில் போட்டார். எலியட் 1632-ல் லண்டன் கோபுரத்திலேயே செத்தார். அந்த மாதிரி நிலைமை வரக்கூடாது என்று 1689-ல் எழுதி வாங்கிய உரிமை அது. அரசனிடமிருந்து உறுப்பினரைக் காப்பாற்ற வந்த வேலி.

1998 ஏப்ரல் 17 அன்று ஐந்து நீதிபதிகள் 3-க்கு 2 என்று பிரிந்தார்கள். எஸ்.பி. பரூச்சா, எஸ். ராஜேந்திர பாபு, ஜி.என். ரே ஆகிய மூவர் சொன்னது: வாங்கிய லஞ்சம் ஓட்டோடு பின்னிப் பிணைந்தது, ஓட்டுக்காக வழக்கு இல்லை என்றால் லஞ்சத்துக்காகவும் வழக்கு இல்லை. செயல் எவ்வளவு அசிங்கம் என்று அவர்களுக்கும் தெரியும், தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கோபப்பட்டு அரசியல் சட்டத்தைச் சுருக்கிப் படிக்கக்கூடாது என்பது அவர்கள் நிலை. எஸ்.சி. அகர்வாலும் ஏ.எஸ். ஆனந்தும் ஒப்புக்கொள்ளவில்லை. பணம் வாங்கச் சம்மதித்த அந்தக் கணமே குற்றம் முடிந்துவிட்டது. அதன் பிறகு அவர் ஓட்டுப் போட்டாரா, தூங்கினாரா என்பது வேறு கதை என்றார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பின் விளைவைப் பாருங்கள். வாங்கி, ஓட்டும் போட்டவர்களுக்கு முழுப் பாதுகாப்பு. கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, வழக்கு தொடரும். அப்புறம் அஜித் சிங்? அவர் ஓட்டுப் போடவில்லை. ஓட்டே இல்லாத இடத்தில் ஓட்டுக்கான பாதுகாப்பு எங்கிருந்து வரும்? அவர் விசாரணையைச் சந்திக்க வேண்டும். அதாவது காசு வாங்கிக்கொண்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் தப்பு இல்லை. வாங்கிவிட்டு நட்டாற்றில் விட்டால்தான் தப்பு. திருட்டுத் தொழிலில் நாணயத்துக்கு உச்ச நீதிமன்றமே சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆயிற்று.

நம் ஊரில் ஓட்டுக்குப் பணம் என்றதும் கவரும் டோக்கனும் வாங்கும் வாக்காளர்தான் ஞாபகத்துக்கு வருவார். அவருக்கு எந்த வேலியும் கிடையாது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 171-பி பிரிவின்படி ஓட்டுக்குக் காசு வாங்குபவரும் குற்றவாளிதான், ஓராண்டு வரை சிறை. 1998 தீர்ப்புக்குப் பிறகு நிலைமை இதுதான்: எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க ஐந்நூறு வாங்கியவருக்கு ஜெயில் உண்டு, அதே எம்.பி. அரசைத் தேர்ந்தெடுக்க லட்சங்கள் வாங்கினால் இல்லை. அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இதைக் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

(தற்செயல்தான், ஆனாலும் சொல்கிறேன். சரியாக ஓராண்டு கழித்து, 1999 ஏப்ரல் 17 அன்று, அதே மக்களவையில் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது, 269-க்கு 270. அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதில் தொடங்கிய கதை. கருணாநிதி ஆட்சியைக் கலைக்கச் சொல்லி ஜெயலலிதா மாதக்கணக்கில் நெருக்கியதும் வாஜ்பாய் அசையாததும் நமக்கு நன்றாகவே தெரியும். சிறுபான்மை நாற்காலியில் உட்கார்ந்தவர் விலையைக் கொடுக்காமலும் இருக்கலாம். கொடுக்காவிட்டால் நாற்காலி போகும்.)

வாங்கியவர்கள் வெளியே போய்விட்டதால் விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு ஒற்றைக்கையால் தட்டும் ஓசையாக ஆனது. சிபிஐ கையில் இருந்த முக்கியத் துருப்பு அப்ரூவராக, அதாவது மன்னிப்புக்குப் பதிலாக அரசுத் தரப்புச் சாட்சியாக, மாறிய சைலேந்திர மஹதோ. வாங்கிய நால்வரில் ஒருவர், பின்னால் பாஜகவில் சேர்ந்தவர். மற்றவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்த பிறகு வாய் திறக்க என்ன காரணம் இருக்கிறது? தண்டனை பயம் இருந்தால்தானே மன்னிப்புக்கு மதிப்பு.

2000 செப்டம்பர் 29 அன்று சிறப்பு நீதிபதி அஜித் பரிஹோக், ராவும் காங்கிரஸின் பூட்டா சிங்கும் குற்றவாளிகள் என்றார். விசாரணையில் இருந்த மற்றவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். இருவருக்கும் மூன்று ஆண்டு சிறை, அபராதம். ராவுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. மேல்முறையீடு செய்ததால் சிறைக்குப் போகவில்லை. 2002 மார்ச் 15 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. மஹதோவின் சாட்சியத்தை நம்ப முடியாது என்பதே அடிப்படை. முன்னுக்குப் பின் முரணாகப் பேசிய ஒருவரை வைத்து ஒரு முன்னாள் பிரதமரைத் தண்டிக்க முடியாது என்பது சட்டப்படி சரிதான். நௌரோஜி நகர் கிளையில் விழுந்த ரொக்கம் பொய்யில்லை. அதைப் பிரதமர் வரை கொண்டுபோய்க் கட்டும் கயிறுதான் அறுந்துபோனது.

ஆக, பணம் வாங்கியவர்கள் பாதுகாப்பால் தப்பினார்கள், கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் சாட்சியம் இல்லாததால் தப்பினார்கள். என் பார்வையில் முதலாவதுதான் இரண்டாவதற்கு வழி விட்டது. நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ராவ் 2004 டிசம்பர் 23 அன்று இறந்தார். அவர் உடல் டெல்லி காங்கிரஸ் தலைமையகத்துக்குள் கொண்டுபோகப்படவில்லை, வாசலோடு நின்று ஹைதராபாதுக்குப் போனது. யாருக்காக அந்த 14 பேரைத் தேடினார்களோ அந்தக் கட்சி.

சிபு சோரன் அரசியலில் நின்று விளையாடினார். 2008 ஜூலையில் மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை ஓட்டுக் கோரியபோதும் ஜே.எம்.எம். ஓட்டு அரசுப் பக்கம்தான். அடுத்த மாதம் சோரன் ஜார்க்கண்ட் முதல்வர். அந்த ஓட்டெடுப்பில்தான் பாஜக எம்.பி.க்கள் ஒரு கோடி ரூபாய்க் கட்டுகளை அவையின் நடுவில் கொட்டிக் காட்டினார்கள்.

1998 தீர்ப்பை உடைத்ததும் அதே குடும்பத்தின் வழக்குதான். சிபு சோரனின் மருமகள் சீதா சோரன், ஜார்க்கண்ட் எம்.எல்.ஏ. 2012 மார்ச் 30 மாநிலங்களவைத் தேர்தலில் ஒரு சுயேச்சை வேட்பாளருக்கு ஓட்டுப் போடப் பணம் வாங்கினார் என்று வழக்கு. அன்று ராஞ்சி அருகே ஒரு காரில் 2 கோடிக்கும் மேல் ரொக்கம் பிடிபட்டு அந்தத் தேர்தலே ரத்தானது. அவர் ஓட்டுப் போட்டது தன் கட்சி வேட்பாளருக்கு. அவர் கேட்டது மாமனாருக்குக் கிடைத்த வேலியை. ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் 2014-ல் கொடுக்க மறுத்தது: வாங்கிய காசுக்கு அவர் ஓட்டுப் போடவில்லையே! மாமனாரின் தீர்ப்பில் அவர் போய் நின்ற இடம் அஜித் சிங்கின் இடம்.

உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 2024 மார்ச் 4 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, ஒருவர்கூட மாறுபடாமல், 1998 தீர்ப்பைத் தூக்கிப்போட்டது. லஞ்சம் வாங்குவது எம்.பி.யின் வேலையில் சேராது. வாங்கியபோதே குற்றம் முழுமையாகிவிடுகிறது. ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்பது பொருட்டே இல்லை. 26 ஆண்டுகளுக்கு முன் அகர்வாலும் ஆனந்தும் எழுதியது கிட்டத்தட்ட இதுதான். 194(2)-க்கும் இதே விளக்கம்தான் என்பதால் சென்னைக் கோட்டையில் உட்காரும் நம் எம்.எல்.ஏ.க்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டே வாரத்தில் சீதா சோரன் பாஜகவில் சேர்ந்தார்.

தீர்ப்புக்குச் சற்று முன்னால், பிப்ரவரி 9 அன்று, மத்திய அரசு மூன்று பேருக்கு பாரத ரத்னா அறிவித்திருந்தது. ஒருவர் நம் எம்.எஸ். சுவாமிநாதன். இன்னொருவர் நரசிம்ம ராவ். மூன்றாமவர் சரண் சிங், அதாவது அஜித் சிங்கின் அப்பா. அதே வாரங்களில் சரண் சிங்கின் பேரன் ஜெயந்த் சௌத்ரி தன் கட்சியை எதிரணியிலிருந்து ஆளும் அணிக்குக் கொண்டுபோனார். மார்ச் 30 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையில் விருது கொடுத்தார்கள். ராவுக்கானதை வாங்கிக்கொள்ள அவர் மகன் வந்திருந்தார். சரண் சிங்குக்கானதை வாங்கிக்கொண்டவர் அஜித் சிங்கின் மகன்.